வெள்ளிக்கிழமைக் கட்டு

கோமதி பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெல்ல உரித்தாள்.

காஸ் துணி நேற்று வைத்தபடியே இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அம்மாவின் தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கி நெஞ்சு முடியும்வரை ஒரே கோடு. காய்ந்து, மூடி, தோலோடு தோலாகிவிட்டது. பத்து நாளாகவே அப்படித்தான்.

பழைய துணியைக் கூடையில் போட்டாள். புதிதாக ஒன்றை எடுத்துக் கத்தரிக்கத் தொடங்கினாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அந்தச் சின்னத் தலையணை. இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அணைக்காமல் இருமினால், அறுத்துக் கம்பி போட்டுச் சேர்த்த எலும்பு உயிரை எடுக்கும்.

பத்து நாளுக்கு முன்னால் இவள்தான் சொன்னாள், ஆறிட்டும்மா, இனிமே கட்டு வேண்டாம் என்று. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அம்மா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒரு துண்டு வச்சு ஒட்டிரு."

அவ்வளவுதான். ஏன் என்று இவளும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது.

இருதய ஆபரேஷனுக்கு முன்னால் கழுத்தில் காதில் இருப்பதையெல்லாம் கழற்றித் தரச் சொன்னார்கள். தாலி என்றதும் மற்ற பெண்கள் அழுவார்களாம். ஒரு மஞ்சள் கயிறாவது கட்டிக்கொள்கிறேன் என்று கையைப் பிடிப்பார்களாம். நர்ஸ் சொன்னாள்.

அம்மா சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றி நர்ஸ் கையில் வைத்தாள். நாற்பத்தொரு வருஷம் கழுத்தை விட்டு இறங்காதது, ஒரு நொடியில் இறங்கிவிட்டது.

பேச்சியம்மாள், வயது 62 என்று எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் கவரில் போட்டு அதை அப்பாவிடம் கொடுத்தார்கள். ஐசியு வாசலில் அந்தக் கவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்பா அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். பாவம், பொய் அழுகை இல்லை அது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பூந்திக்கொட்டையை ஊறவைத்துச் சங்கிலியைத் தானே கழுவுகிறார். தாலிக்குக் குங்குமம் வைக்கிறார். தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு அறை வாசலில் வந்து நிற்கிறார்.

"ஏ கோமு, புண்ணு ஆறிட்டா? இன்னிக்குப் போட்டுரலாமா?"

"இல்லப்பா. உரசுனா சீழ் வச்சிரும்."

சரி சரி என்று திரும்பிப் போவார். சர்க்கரை உடம்பு, நாளாகத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இந்த மனிதர்தானா என்றிருக்கும் கோமதிக்கு. ஊரில் அவருக்கு முன்கோபி என்று பெயர். மரியாதையாகச் சொன்னார்கள். அந்தக் கோபமெல்லாம் எங்கே போனதோ, பல்லோடு சேர்ந்து விழுந்துவிட்டதோ என்னவோ.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை. குழம்பில் உப்பில்லை.

அம்மாவை அடுப்படியிலிருந்து முன்னறைவரை இழுத்து வந்தார்.

தாலிச் சங்கிலியைப் பிடித்து.

அறுந்திருந்தாலாவது விட்டிருப்பார். கெட்டிச் சங்கிலி. அறவில்லை.

பிடரியில் சிவந்து கிடந்த கோட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வேர்க்குரு என்றாள் அம்மா. அந்த வேர்க்குரு அதற்குப் பிறகும் வந்தது. மார்கழியிலும் வந்தது.

அப்பாவுக்கு அதெல்லாம் மறந்தே போய்விட்டது. மறந்தது போல நடிக்கத் தெரிந்த ஆள் இல்லை அவர்.

இன்றும் வெள்ளிக்கிழமை.

புதுத் துணியைக் கத்தரித்துக்கொண்டு திரும்பினாள். அப்பா அறைக்குள் நிற்கிறார்.

கதவுக்குத் தாழ் போடவில்லை. எப்படி மறந்தாளோ.

கையில் தாம்பாளம். ஆறி மூடிய கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மகள் கையிலிருந்த புதுத் துணியையும் பார்த்தார்.

கோமதிக்கு மறுபடி ஒன்பது வயதானது.

அம்மா நெஞ்சை மூடிக்கொள்ளவில்லை. தோளுக்கு மேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த கை, தானாக மேலே போனது.

பிடரியைப் பொத்திக்கொண்டது.



தாம்பாளம் சரிந்து சங்கிலி ஓரத்துக்கு ஓடியது. அப்பா எட்டிப் பிடித்தார். சங்கிலியைப் பிடித்திருந்த தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு வெளியே போனார். செருப்புச் சத்தம். கேட் சத்தம்.

"ஒட்டிரு" என்றாள் அம்மா.

ஒட்டினாள். பிளாஸ்டர் கோணலாகப் போனது.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு மருந்துக் கடைப் பையை வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"தீந்துட்டுன்னா சொல்லு, கோமு. வாங்கிட்டு வாரேன்."

போய்விட்டார்.

பையைப் பிரித்தாள். பிளாஸ்டர், பஞ்சு, கட்டுக் கட்டாகக் காஸ் துணி. ஒரு வருஷத்துக்குப் போதும்.

அம்மா தலையணையை எடுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். இருமப் போகிறாள் என்று கோமதி முதுகைத் தாங்கிப் பிடித்தாள்.

இருமல் இல்லை.