மூன்றாவது சொல்

“போத்ரி!”

“இல்லம்மா.”

“நாய் பேரும் இல்லையா? என்னைவிட அந்த நாயைத்தானே அதிகமா கொஞ்சுவார்!”

கிசெல்லாவின் கறுப்பு முக்காடு நழுவியது. புருஷன் ஆம்ப்ருஷ் செத்து ஆறு மாதம் ஆகிறது. அவருடைய பழைய பூட்ஸுக்குள்ளிருந்து நேற்றுதான் இந்தச் சேமிப்புப் புத்தகம் கிடைத்தது.

மகோ ஊர் அரசு சேமிப்பு வங்கியில் புத்தகத்தின் மேல் யாருடைய பெயரும் இருக்காது. கணக்குத் தொடங்குகிறவர் ஒரு ரகசியச் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுப்பார். அதைச் சரியாகச் சொல்பவருக்குப் பணம். மூன்று தடவைதான் சொல்லலாம். கவுண்டருக்குள் யோலான் அந்த அட்டையை மறைத்துப் பிடித்திருந்தாள். ஆம்ப்ருஷ் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வங்கியின் வேறொரு ஊழியரிடம் எழுதிக் கொடுத்தது. இன்றுதான் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. அதைப் படித்ததிலிருந்து மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துவிட்டாள்.

“மாமியார் பேரும் தப்பு, நாய் பேரும் தப்பு. இன்னும் ஒண்ணுதானே இருக்கு?”

“ஆமாம்மா. நிதானமா யோசிங்க. எங்கம்மா போட்ட காசெல்லாம் போரோட போச்சு. இப்ப அப்படி இல்ல, அரசாங்கமே உத்தரவாதம்.”

“பணத்துக்கு உத்தரவாதம் சரி. புருஷனுக்கு யாரு தர்றா?” கிசெல்லா குரலைத் தாழ்த்தினாள். “என் பேரைச் சொல்லத்தான் பயமா இருக்கு. அதுவும் இல்லேன்னா வேற எவளோ இருந்திருக்கான்னுதானே அர்த்தம்? கல்லறையில அவர் பேருக்குப் பக்கத்துல என் பேரையும் செதுக்கியாச்சு. செத்த வருஷம் மட்டும்தான் பாக்கி. இன்னொருத்தி பேருன்னா இந்தப் பணமே எனக்கு வேணாம். இன்னைக்கே போய் என் பேரை அழிக்கச் சொல்லிடுவேன். அந்த ஆள் பக்கத்துல நான் படுக்க மாட்டேன்!”

இந்த வேலையில் இருபத்தாறு வருஷத்தில் ஒரு விதியைக்கூட யோலான் மீறியதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊரே திட்டும்.

“அவரை உனக்குத் தெரியுமாம்மா?”

“மாசத்துல முதல் திங்கள் வருவார். வணக்கம் சொல்வார். பணம் கட்டுவார். போயிடுவார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“வீட்டுலயும் அதேதான். ஊமைக்கோட்டான்!” கிசெல்லா கண்களை இறுக மூடிக்கொண்டாள். “சரி, வர்றது வரட்டும். கிசெல்லா!”

யோலான் அட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னம்மா, இல்லையா?”

“சரிதான்.” முத்திரை டொக்கென்று விழுந்தது.

கிசெல்லா ஓவென்று அழுதாள். “அடப்பாவி மனுஷா! வாயைத் திறந்து சொல்லியிருந்தா குறைஞ்சா போயிருப்ப?” அழுகையோடு சிரித்தபடி, கம்பி இடுக்கில் கையை விட்டு யோலானின் விரல்களைப் பிடித்து முத்தமிட்டாள். கல்லறைக்குப் பூ வாங்க ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் ஆம்ப்ருஷ் ஏன் இந்த வரிசையிலேயே வந்து நின்றார் என்பது யோலானுக்கு இப்போதுதான் உறைத்தது. அட்டையை இன்னொரு முறை படித்தாள்.

கோணல்மாணலான கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: ‘யோலான்’.