உட்பக்கத்து ஈரம்

அவள் கணவர் ஒயின் குளிர்பெட்டியைச் சுருட்டு வைக்கும் பெட்டியாக மாற்றியிருந்தார். மின்சாரத்தைத் துண்டித்து, மரத்தட்டுகள் பொருத்தி, ஈரத்துக்காக ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார். காற்றுப் பட்டால் சுருட்டு காய்ந்து உதிரும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். மூச்சுத்திணறலில் அவர் போன பிறகு, எல்லாவற்றையும் விற்றுவிட அவள் முடிவு செய்தாள். ஆனால் பெட்டிக்குள் இருந்த ஈரமானியின் முள், எழுபது சதவீதத்தைத் தாண்டக் கூடாதது, எண்பதில் நின்றது.

கிண்ணத்தை எடுத்துவிட்டாள். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டாள். முள் இறங்கவில்லை.

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கொழுந்தன் வந்து கதவு ரப்பரை மாற்றினான். ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அதை நனைத்த உப்போடு ஒரு டப்பாவில் அடைத்து வைத்தான். எழுபத்தைந்து காட்ட வேண்டும், காட்டியது.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு அண்ணி. போயும் எனக்கு வேலை வைக்கிறாரு அண்ணன்."

"இருந்தப்ப மட்டும் சும்மா விட்டாராக்கும்?" அவள் சிரித்தாள். "கடைசி நாள் பூரா, கதவத் திற, கதவத் திறன்னு என் உயிர வாங்கினாரு."

மறுநாள் மதியம், வாங்குபவர் வருவதற்குள் பெட்டியின் முன் உட்கார்ந்து அதன் கண்ணாடிக் கதவைத் துடைத்தாள். நடுவில் உள்ளங்கை அளவு ஆவி மட்டும் போகவில்லை. அது உட்பக்கம் படிந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்கச் சுருங்கியது, மறுபடி விரிந்தது. சில சமயம் நின்றுபோய், பிறகு அவசரமாகப் படர்ந்தது.

வாசல் மணி அடித்தது.

அவள் துணியை நாலாக மடித்து, கதவு மூடிக்கொள்ளாதபடி இடுக்கில் செருகினாள். கொஞ்ச நேரத்தில் ஆவி சீராக வந்து போகத் தொடங்கியது.

மணி மறுபடி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.