சாயத்துக்கு முன்

குளிர்நாட்டு நகரொன்றின் அம்மருட் புறநகரில், ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், பழைய சோற்றுப் பானைக்குள் கறுப்புச் சாயம் கொதிக்கிறது. ஆவியில் மங்கிய சன்னல் வழியாக, பனிமேல் கிடக்கும் பிற்பகலின் கடைசி வெளிச்சம் சாம்பலாய் உள்ளே வருகிறது. சாருகா தானே தைத்த வெள்ளை மஸ்லின் கவுனை ஏந்தியபடி நிற்கிறாள். அவள் எழுதும் நாவல் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கிறது. துக்கத்துக்குப் புதிய கறுப்புத் துணி வாங்க வசதியற்றவர்கள் இருந்த உடுப்பையே சாயத்தில் தோய்த்தார்கள் என்று வாசித்த நாளிலிருந்து, அந்த மணத்தையும் விரலில் ஏறும் கறையையும் அறியாமல் அவளுக்கு ஒரு வரி ஓடவில்லை.

"ஆருக்குப் பிள்ளை இந்தக் கறுப்பு?" என்று கேட்டபடி அம்மா உதயகுமாரி வாசலில் வந்து நிற்கிறாள்.

"கதையிலை வாறவளின்ர தம்பிக்கு. கடற்சண்டைக்குப் போனவன், திரும்பி வரேல்லை."

"உடலைக் கண்டெடுத்தவையோ?"

"இல்லை அம்மா. ஒரு செய்தியும் இல்லை."

அம்மா திரும்பிக் கூடத்தைப் பார்க்கிறாள். அங்கே சுவரில் செத்தவர்களின் படங்கள் மாலையோடு தொங்குகின்றன. ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களில் காணாமல் போன அம்மாவின் தம்பி மட்டும், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்களுக்கு நடுவே மாலையில்லாமல் சிரிக்கிறார்.

உதயகுமாரி அடுப்பை அணைக்கிறாள்.

"செய்தி வராமல் அவள் ஏன் கறுப்பு உடுக்கிறாள்?"

கொதி மெல்ல அடங்குகிறது. அம்மா கவுனை வாங்கி, ஆவி படாத கதிரையில் விரித்து, தோள் மடிப்பை நீவிவிடுகிறாள்.