புறக்கணிப்புச் சனிக்கிழமை

"குதிரைப் பந்தயம் நடக்கிறதே நம்ம காசுலதான். ஆனா பந்தயம் நடத்துறவன் நொண்டிக் குதிரைய ஓட விடுறான், கேட்டா பதிலே இல்ல. இந்தச் சனிக்கிழமை ஒருத்தரும் பணம் கட்டப் பந்தயக் கடைக்குப் போகக்கூடாது லா!"

புக்கிட் காத்தில் என்ற எங்கள் ஊரின் சாப்பாட்டுக் கடையில் நான் முழங்கியதும் நண்பர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை பந்தயக் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எல்லாம் கைதட்டிய முகங்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

கடைசியாக நின்ற பெரியதம்பி அண்ணனிடம், "நீங்களே இப்படிச் செய்யலாமாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் நெளிந்தார். "இன்னைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க, கூட்டம் இருக்காதுன்னு நம்பி வந்துட்டேன் தம்பி. ஆமா, நீ எதுக்கு வந்த?"

"நானும் அதை நம்பித்தாண்ணே வந்தேன்" என்றபடி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.