கல்லோடு வந்த மேளம்

போரில் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில், ரோமாபுரிக்காரர்கள் கடல் தாண்டி ஒரு கருங்கல் தெய்வத்தைக் கப்பலில் வரவழைத்தார்கள். அதன் பழைய மேளமும், அதை அடிக்கும் அந்த ஊர் மேளக்காரனோடு கூடவே வந்தது. கரையில் ஊரே விழுந்து கும்பிட்டது.

போரில் ஜெயித்தார்கள். கல்லை வெள்ளிச் சிலைக்கு முகமாகப் பதித்துக் குன்றின்மேல் கோயிலில் வைத்தார்கள். மேளத்தைப் பின்னறையில் பூட்டினார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் அது வெளியே வரலாம். ஆனால் ரோமானியர் யாரும் அதைத் தொடக்கூடாது என்று சபை தீர்மானம் போட்டது.

"அம்மா, என் சத்தம் இல்லாமல் நீ கண்ணே மூடமாட்டாயே. என்னை வெளியே விடச் சொல்லேன்" என்று மேளம் கதவிடுக்கில் கெஞ்சியது.

"மெதுவாகப் பேசு. அக்கம்பக்கத்தார் காதில் விழும்" என்றது கல்.

அந்த ஒரு நாளும் வந்தது. வெயிலில் தோல் முறுகிய மேளம் அம்மாவின் முன்னால் உயிரைக் கொடுத்து அதிர்ந்தது.

பக்கத்துக் கோயில் வெற்றித் தேவதை எட்டிப் பார்த்தாள். "ஏன்டியம்மா, இது உங்கள் ஊர் ஆளா?"

"சேச்சே! எங்கிருந்தோ வருஷா வருஷம் வந்து கத்துகிறது" என்றது வெள்ளிக்குள் இருந்த கல்.

அதன்பிறகு மேளக்காரன் எவ்வளவு அடித்தும் மேளம் வாய் திறக்கவில்லை.

"பரவாயில்லையே, நம் ஊர் மரியாதை பழகிவிட்டதே!" என்று மெச்சினாள் வெற்றித் தேவதை.