திரும்பி வருவதற்கு ஆதாரம்

சீன பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு சென்னையில் குடியிருப்பவர்களுக்கு வேறு நாட்டுச் சுற்றுலா விசா சுலபத்தில் கிடைப்பதில்லை. இங்கேயே திரும்பி வருவார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அதற்காக, விண்ணப்பித்திருந்த லியானை விசா மையத்தில் மூன்று நாள் தங்கவைத்துவிட்டு, அச்சு அசலாக அவளைப் போன்ற ஓர் உருவத்தை அவள் வீட்டுக்கு ரகசியமாக அனுப்பியிருந்தார்கள். வீட்டில் யாராவது, "இது லியான் இல்லை" என்று கண்டுபிடித்துவிட்டால், அவளுக்காகக் காத்திருக்க இங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்; விசா நிச்சயம்.

கடைசி நாள் அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். லியானின் கணவன் பார்த்திபன் அந்த உருவத்திடம், "இன்னிக்குத்தான் உன் ரசத்துல உப்பு சரியா இருக்கு" என்றான். மகள் அதன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாருமே சந்தேகப்படலையா சார்?"

"இல்ல மேடம். விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு."

"விசா போனா போகட்டும். அதைக் கூப்பிட்டுக்கோங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

அதிகாரி தயங்கினார். "காலையிலேர்ந்து கூப்பிடறோம். வர மாட்டேங்குது. நீங்களே உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிடுங்க."

அவர் நீட்டிய போனில் லியான் பேசினாள். "நான்தாங்க, லியான்."

"யாரும்மா நீ? லியான் இங்க என் பக்கத்துல உட்கார்ந்திருக்கா" என்றான் பார்த்திபன்.

அவனுக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரலே கேட்டது. "யாராவது விளையாடுவாங்க. வெச்சிட்டு சாப்பிட வாங்க."