செருப்புப் படம்

கேசட்டைக் கேமராவுக்குள் தள்ளி மூடினாள்.

ஒரு மணி நேர கேசட், ஒரு மணி நேரம் ஓடித்தான் கம்ப்யூட்டருக்குள் ஏறும். நடுவில் வேகமாக ஓட்டிவிட்டால் அந்தத் துண்டு ஏறாது. ஒன்றும் செய்வதற்கில்லை, உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

காலையிலிருந்து மூன்று முடிந்துவிட்டன. மகள் வெண்ணிலா தவழ்ந்தாள், விழுந்தாள், பள்ளிக்கூட மேடையில் முயல் வேஷத்தில் நின்று அழுதாள். அந்த முயலுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மண்டபத்துத் திரையில் போட அம்மா ஏற்றிக்கொண்டிருக்கிறாள். பார்க்கப் பார்க்க மனசு நிறைந்துதான் இருந்தது.

இது நான்காவது. ஒட்டிய சீட்டில் 'காதுகுத்து' என்று எழுதியிருந்தது.

வீட்டில் இதற்குப் பெயர் செருப்புப் படம்.

அவள் கணவன் குணசீலன் கேமரா வாங்கிய வாரம் அது. சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எடுக்கும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். மனுஷன் முதல் அழுத்தலிலேயே கோட்டைவிட்டார். எடுப்பதாக நினைத்தபோதெல்லாம் கேமரா நின்றிருந்தது. நிறுத்திவிட்டதாக நினைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்தபோதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

படத்தில் பிள்ளைக்கு மொட்டை போட்டது இல்லை. காது குத்தியது இல்லை. கோயில் வாசல் இருக்கிறது, வாழைப்பழத் தோல் இருக்கிறது, ஊர்ப்பட்ட செருப்பு இருக்கிறது.

அப்போது ஐந்து நிமிடம் பார்த்தாள். அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு டப்பாவில் போட்டாள்.

திட்டியதில் பாதி அவளுடைய அப்பாவுக்குச் சேர வேண்டியது.

அப்பா பஸ் டிரைவர். இவள் காதல் கல்யாணம் செய்தாள், அவர் வரவில்லை. அதைக்கூட மன்னித்துவிட்டாள். பேத்தியின் காதுகுத்துக்கும் வரவில்லை, தம்பியையும் அனுப்பவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்தது. தாய்வீட்டிலிருந்து வர வேண்டிய கம்மலை குணசீலன்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நானே வாங்கிட்டேன், விடு என்றார்.

அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம். அப்பாவோடு பேசுவதெல்லாம் மாப்பிள்ளைதான்.

"ஞாயித்துக்கிழமைக்கு நீ ஒரு வார்த்தை கூப்பிட்டாத்தான் வருவாரு."

ஒரு வாரமாகக் குணசீலன் கெஞ்சுகிறார். மாட்டேன் என்றால் மாட்டேன்.

திரையில் செருப்புகள்.

முப்பதாவது நிமிடம். வேட்டி நுனியும் தார் ரோடும் ஆடின. குணசீலன் வாசலுக்கு வந்திருக்கிறார்.

எதிரே இரண்டு கால்கள் வந்து நின்றன. காக்கி பேண்ட். இடது செருப்பின் வாரில் சிவப்பு நூல் தையல்.

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

அந்தத் தையல் அவள் போட்டது. வீட்டைவிட்டு வருவதற்குப் பத்து நாள் முன்பு. கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது.

"இன்னும் குத்தலையே?"

அப்பாவின் குரல்.

"இல்லீங்க மாமா, இப்பத்தான் மொட்டை போடுறாங்க. உள்ள வாங்க."

"வேணாம்ப்பா. பஸ்ஸ ரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன். சனம் உக்காந்திருக்கு."

ஒரு கை நீண்டது. நகைக்கடையின் ரோஸ் காகிதப் பொட்டலம்.

"இதப் போடச் சொல்லு. நான் குடுத்தேன்னு அவகிட்ட மூச்சுவிடக் கூடாது. சத்தியம் பண்ணு."

கால்கள் போகவில்லை.

"ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க மாமா. தூணு மறைவுல நின்னாக்கூட போதும்."

இரண்டு கால்களும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறின.

திரையில் செருப்பு மட்டும் இருந்தது. குணசீலன் அதற்குக் காவல் நிற்கிறார். தூரத்தில் மேளம். பிள்ளை வீறிட்டு அழும் சத்தம். ரோட்டில் கண்டக்டரின் விசில், இரண்டு முறை. மறுபடியும் இரண்டு முறை.

காக்கிக் கால்கள் ஓடிவந்தன. இடதுகால் வலது செருப்பில் நுழைந்தது. மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடின.

அவள் திரும்பினாள். அறை வாசலில் குணசீலன் இரண்டு டம்ளர் டீயோடு நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டது அவருக்கும்.

"அட கல்லுளிமங்கா!"

"சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன பண்றது?" என்றார். "அது ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. டீயை வாங்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அப்பாவின் நம்பரை அழுத்தினாள்.

"சொல்லுங்க மாப்ள."

"நாந்தான்."

திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு, காதுகுத்துக்கு, பஸ்ஸ எவ்வளவு நேரம் நிறுத்தி வச்சீங்க?"

அவர் யோசிக்கவேயில்லை.

"பதினோரு நிமிசம். அதுக்கு மெமோ குடுத்துட்டாங்க."

திரையில் வெறும் படிக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்கு" என்றாள். "வாசல்லயே நிக்காதீங்க. உள்ள வாங்கப்பா."